இனிஷியலுக்குள் ஒளிந்திருக்கும் தாத்தாக்கள்

2022 நவம்பர் 21ஆம் தேதி ஐக்கிய அரபு அமீரகம் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் உள்ளே வர முடியாது. சொந்தப் பெயர் ஒரு கட்டத்தில், குடும்பப் பெயர் இன்னொரு கட்டத்தில், இரண்டும் நிரம்பியிருக்க வேண்டும். தகப்பனார் பெயர் உள்பக்கத்தில் இருந்தாலும் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். ஆனால் அந்த அறிவிப்பு நீடாமங்கலம், மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கத்து வீடுகளில் ஒரு பழைய சங்கடத்தைக் கிளறிவிட்டது. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பாத தெரு இங்கே அரிது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்துதான் இருக்கிறது. அதை விரித்து எழுதச் சொன்னால் கு என்பது குப்பை ஆகிறது, பி என்பது பிச்சை ஆகிறது, ப என்பது பக்கிரி ஆகிறது.

இத்தனை நாள் ஒரு எழுத்துக்கும் ஒரு புள்ளிக்கும் பின்னால் நிம்மதியாக இருந்த பெரியவர் இப்போது விமான நிலைய ஒலிபெருக்கியில் முழுப்பெயரோடு அழைக்கப்படுகிறார். பேரன் கூசுகிறான். கல்லூரியில் சான்றிதழ் வாங்கும்போது யாரோ சிரித்தது நினைவுக்கு வருகிறது. பெயரை மாற்றிவிடலாமா என்று கேட்கிறான்.

உலகத்தில் இன்று அதிகம் உச்சரிக்கப்படும் தமிழ்ப் பெயர்களில் ஒன்று பிச்சை. கூகுள் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி சுந்தர் பிச்சை மதுரையில் 1972இல் பிறந்தவர். முழுப்பெயர் பிச்சை சுந்தரராஜன், தந்தை ரகுநாத பிச்சை. அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையிலிருந்து வணிகப் பத்திரிகைகள் வரை அந்தப் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள். அதே பெயர் கொண்ட தாத்தாவின் பேரனான நம் ஊர்ப் பையன் அதை மறைக்கப் பார்க்கிறான். மறைப்பதற்கு முன்னால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அவனுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 200 குழந்தைகள் ஒரு வயது நிறைவதற்குள் இறந்துபோயின. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் அந்த எண் 13. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் குப்பையும் பிச்சையும் வாழ்ந்தார்கள். அம்மை, காலரா, மலேரியா, பிரசவத்தில் அழுக்குக் கத்தி, எதற்கும் கைக்கெட்டிய மருந்து கிடையாது. முதல் பிள்ளை போயிற்று, இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது பிறந்ததும் தாய் பயந்தாள். அழகான பெயர் வைத்தால் கண் படும், எமனுக்கு ஆசை வரும். ஆகவே இது ஒன்றுக்கும் உதவாத பிள்ளை, எங்களுக்கே வேண்டாத பிள்ளை என்று ஊருக்கும் சாவுக்கும் சேர்த்து அறிவித்தாள்.

அறிவிப்பு வெறும் பெயரோடு நிற்கவில்லை. குழந்தையைக் கொல்லைக் குப்பைமேட்டில் கிடத்தி, ஒரு புரட்டுப் புரட்டி எடுத்தார்கள். அவன் குப்பை, குப்பன், குப்புசாமி, அவள் குப்பாயி, குப்பம்மாள். முறத்தில் போட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கினார்கள். அவன் தவிடன். நாலு வீட்டில் மடியேந்தி வாங்கிய அரிசியிலும் காசிலும் வளர்ந்தவன் பிச்சை. ஆண் பிள்ளைக்கு மூக்குக் குத்தி, பெண் பிள்ளைபோல் காட்டினால் மூக்கன், மூக்கையா. இன்றைக்கும் குறும்பு செய்யும் பிள்ளையைப் பார்த்து, உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று பாட்டிமார் சொல்கிறார்கள். அது ஒரு காலத்தில் விளையாட்டுப் பேச்சாக இல்லை. நெல் அவித்துக் குத்திய வீட்டில் தவிடு மாட்டுக்குப் போகிற பண்டம். அதைக் கொடுத்து வாங்கிய பிள்ளையை எமன் என்ன விலைக்குக் கேட்பான்?

இதில் சாதி பேதம் இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கும்பகோணத்தில் 1900இல் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு வேங்கட மகாலிங்கம் என்று பெயரிட்டார்கள். முன்னே பிறந்த குழந்தைகள் தங்காததால் வீட்டில் பிச்சை என்று கூப்பிட்டார்கள். அவர்தான் தமிழ்ப் புதுக்கவிதையின் முன்னோடி ந. பிச்சமூர்த்தி. பிக்ஷு என்று புனைபெயரும் வைத்துக்கொண்டார். தாய் பயத்தில் இட்ட பெயரை அவர் மறைக்கவில்லை, இன்னொரு முறை எழுதிக் கையெழுத்தாகவே ஆக்கிக்கொண்டார். தஞ்சை மாவட்டம் கணபதி அக்கிரகாரத்தில் 1880இல் பிறந்த குப்புசாமி சாஸ்திரி வடமொழிப் புலமையில் மகாமகோபாத்தியாயர் பட்டம் பெற்றவர். அவர் பெயரில் மயிலாப்பூரில் ஆராய்ச்சி நிறுவனமே நடக்கிறது. குப்பைமேட்டுப் பெயர் அக்கிரகாரத்துக்குள்ளும் இருந்தது, பண்ணைச் சேரியிலும் இருந்தது.

நம்மவர்கள் மட்டும் கண்டுபிடித்த உபாயமும் அல்ல. மங்கோலியாவில் நெர்குய் என்று பெயர் வைப்பார்கள், பெயரே இல்லாதவன் என்று பொருள். துருக்கியில் துர்சுன், துர்முஷ் என்றால் இருக்கட்டும், தங்கினான். நைஜீரியாவின் யொருபா மக்களிடம் கொகுமோ உண்டு, இனி இவன் சாகமாட்டான். ரிச்சர்ட் டெம்பிள் என்ற ஆங்கில அதிகாரி பஞ்சாபியர் பெயர்களைப் பற்றி 1883இல் ஒரு நூலே எழுதினார். குழந்தையைக் காப்பதற்காக இழிவான பெயர் வைக்கும் வழக்கம் அதில் விரிவாக வருகிறது.

நீடாமங்கலத்தில் இந்த ஏக்கத்துக்கு ஒரு கோயிலே இருக்கிறது. தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங் காலத்துச் சந்தானராமசாமி கோயில் அது. அவருடைய அரசி யமுனாம்பாளின் பெயரால் ஊருக்கே யமுனாம்பாள்புரம் என்று பெயர் வழங்கியது. சந்தான பாக்கியம் வேண்டுவோர் இன்றும் அங்கே வந்து நிற்கிறார்கள். நாகூர் தர்காவின் ஐந்து மினார்களில் மிக உயரமான 131 அடி மினாரைக் கட்டியவரும் இதே பிரதாப சிங்தான். பிள்ளை வரம் பலித்ததற்கு நன்றியாகக் கட்டினார் என்பது நாகூரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ராஜா மினார் கட்டினார். கட்ட வசதியில்லாத குடியானவன் என்ன செய்தான்? பிள்ளைக்குப் பக்கிரி என்று பெயர் வைத்தான்.

பக்கிரி என்ற பெயரைக் கேட்டு இன்றைய பிள்ளைகள் சிரிப்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் அதிகம் வலிக்கிறது. ரவுடி, கேடி, ஏமாற்றுக்காரன் என்று அர்த்தம் ஆகிவிட்டது. சினிமா வில்லனுக்கு வைக்கிற பெயராகிவிட்டது. ஆனால் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் பக்கிரிசாமி, பக்கிரியம்மாள், நாகூரான் என்ற பெயர்களைத் தாங்கியவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். நாகூர் ஆண்டவர் என்று எல்லோரும் சொல்லும் சாகுல் ஹமீது, உலகப் பற்றை விட்ட ஃபக்கீர். அந்தத் துறவின் பெயர்தான் நம் வாயில் பக்கிரி ஆயிற்று. பிள்ளை பிழைத்தால் உன் பெயரை வைக்கிறேன், தர்காவில் மொட்டை போடுகிறேன், கந்தூரி விழாவுக்கு வந்து சர்க்கரை ஓதுகிறேன் என்று வேண்டிக்கொண்டார்கள். பிழைத்தது, வைத்தார்கள். தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் வழியாகத் திருவாரூர், நாகைக்குப் போகும் ரயில்தான் அவர்களுடைய நேர்த்திக்கடனுக்கும் வழி. மதத்தின் பெயரால் ஊரைப் பிரித்துப் பேசுகிற காலத்தில், ஒரு மாரியம்மன் பூசாரியின் பெயர் பக்கிரிசாமியாக இருக்க முடிந்த மண் இது என்பதைவிட வலுவான பதில் எனக்குத் தெரியவில்லை.

மன்னார்குடி சின்ன பக்கிரி நாகஸ்வர உலகில் பெரிய பெயர். ராஜகோபாலசாமி கோயில் ஊர்க்காரர், நாகஸ்வரம் ஊதும் குலத்தில் வந்தவர், பெயரோ நாகூர்ப் பெயர். தவில் மேதை மீனாட்சிசுந்தரம் பிள்ளையால் நீடாமங்கலம் பெயர் பெற்றதுபோல், இந்தப் பக்கிரியால் மன்னார்குடி பெயர் பெற்றது. அந்தக் காலத்து ரசிகர்கள் பக்கிரி வாசிக்கிறாராம் என்று கேட்டு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பெயரில் கோணல் எதுவும் அவர்கள் காதில் விழவில்லை. பெயர் மாறவில்லை, காதுதான் மாறியது.

காது மாறுவதற்கு இன்னும் பழைய சாட்சி தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இருக்கிறது. ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, சோழ மண்டலத்துக் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல்மகளிரை, பெயர் பெயராகப் பதிந்திருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்ற விவரத்தோடு, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்ற பங்கும் உண்டு. திருவாரூரிலிருந்து வந்தவர்களும் அதில் பலர். அத்தனை பேரின் பெயருக்கும் முன்னால் ஒரே சொல் நிற்கிறது: நக்கன். நக்கன் சேரமங்கை, நக்கன் சோழகுலசுந்தரி, நக்கன் எடுத்தபாதம். குடும்பப் பெயர் என்று நாம் இன்று சொல்வதற்கு மிக நெருக்கமான ஒன்று, ஆயிரம் ஆண்டுக்கு முன்.

இதைப் பள்ளி வகுப்பறையில் படித்துக் காட்டினால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆனால் நக்கன் என்பது ஆடையில்லாத சிவன், தாருகாவனத்தில் கபாலம் ஏந்திப் பிச்சைக்குப் போன பிட்சாடனன். அந்தப் பெண்கள் இன்னார் மகள் என்று எழுதப்படாமல் இறைவனின் மக்களாக எழுதப்பட்டார்கள் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். திருச்சிப் பக்கத்துப் பிச்சாண்டார்கோவிலும் அந்த மூர்த்தத்தின் பெயரால் நிற்கிற ஊர்தான். எடுத்தபாதம் என்பது ஆடவல்லானின் தூக்கிய திருவடி. அதையே வடமொழியில் குஞ்சிதபாதம் என்கிறோம். சிதம்பரம் முதல் மாயவரம் வரை தாத்தாமார் பெருமையோடு தாங்கிய பெயர். இன்று முதல் மூன்று எழுத்தைப் பிடித்துக்கொண்டு கேலி செய்வதால், அந்தப் பெயரைப் புதிதாகப் பிள்ளைக்கு வைப்பவர்கள் அருகிவிட்டார்கள்.

நக்கன் பரவை நங்கையாரை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். ராஜேந்திர சோழனின் அணுக்கி, அதாவது நெருங்கிய துணைவி. திருவாரூர்த் தியாகராசர் கோயிலுக்குப் பொன்னும் செம்பும் வேய்ந்து கொடுத்தவர். மன்னனும் அவரும் தேரில் வந்து கோயிலில் சேர்ந்து நின்ற இடத்தில் விளக்கு வைக்கச் செய்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பேரரசனின் பக்கத்தில் நின்ற பெண்ணின் பெயர் அது.

இதுவரை சொன்னவை அன்பாலும் பக்தியாலும் வந்த பெயர்கள். எல்லாப் பெயரையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

தஞ்சைத் தரணியில் குடும்பப் பெயர்போல் வழங்கியவை பட்டங்கள். வாண்டையார், மூப்பனார், உடையார். நிலத்தோடு வந்த பெயர்கள் அவை, அவற்றைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை. நிலம் இல்லாதவனுக்குப் பட்டம் இல்லை, சாமி என்ற விகுதியும் இல்லை. ஒரே குப்பைமேட்டில் புரட்டி எடுத்த இரண்டு பிள்ளைகளில் மேலத்தெருப் பிள்ளை குப்புசாமி ஆனான், சேரிப் பிள்ளை குப்பன் ஆனான். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர வேண்டியவனைச் சாமி என்று எப்படி அழைப்பது? பண்ணை வீட்டுப் பிள்ளைக்கு வைத்த பெயரைப் பண்ணையாள் தன் பிள்ளைக்கு வைக்கக் கூடாது. வைத்தால் மணியக்காரர் மாற்றுவார், அமாவாசையில் பிறந்தவன் அமாவாசை, மண் சுமப்பவன் மண்ணாங்கட்டி. பெரியவராகிப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் பண்ணை வீட்டுச் சிறுபிள்ளை அவரை அந்தப் பெயரால் அடா போட்டுக் கூப்பிடலாம். குப்பனும் சுப்பனும் என்று நாம் இன்றும் சாதாரணமாகச் சொல்கிறோமே, பொருட்படுத்த வேண்டாதவர்கள் என்ற அர்த்தத்தில், அந்தச் சொல்லாட்சி எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவைப் பார்த்துப் பிறந்தது என்று யோசித்தால் போதும்.

நீடாமங்கலமே இதற்கு ரத்த சாட்சி. 1937 டிசம்பர் இறுதியில் இங்கே நடந்த காங்கிரஸ் மாநாட்டு விருந்தில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டதற்காகப் பண்ணையாட்கள் அடித்து மொட்டையடிக்கப்பட்டு, சாணிப்பால் ஊற்றப்பட்டார்கள். பெரியாரின் ஏடுகள் அதை நாடு முழுவதும் கொண்டுபோயின. ஆ. திருநீலகண்டன் எழுதி 2017இல் வந்த நூல் அந்த நிகழ்ச்சியை ஆவணங்களோடு விவரிக்கிறது. சேர்ந்து சாப்பிட்டதற்கே இந்தத் தண்டனை என்றால், சேர்த்துவைத்துச் சொல்லக்கூடிய பெயரைக் கேட்கும் துணிச்சல் யாருக்கு வரும்?

துணிச்சல் வந்தது. அந்தக் கொடுமைக்கு முன்பே 1929 செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பிறகு தஞ்சை மாவட்டமே புதுப்பெயர்களின் பட்டறையாயிற்று. திருக்குவளையில் தட்சிணாமூர்த்தி கருணாநிதி ஆனார். திருக்கண்ணபுரத்து நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். காட்டூர் ராமையா அன்பழகன் ஆனார். வாட்டாக்குடியில் வெங்கடாசலம் என்ற இளைஞர், புராணம் அசுரன் என்று ஒதுக்கிய இரணியனின் பெயரை எடுத்துச் சூட்டிக்கொண்டார். விவசாயிகளுக்காகப் போராடி 1950இல் போலீஸ் குண்டுக்கு இறந்தார். சேரிகளில் செங்கொடி ஏறிய பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு லெனின், ஸ்டாலின், ஜீவா என்று பெயர் வைத்தார்கள். மணியக்காரர் அந்தப் பெயர்களில் எதை வெட்டுவது என்று தெரியாமல் நின்றிருப்பார்.

பெயரை மாற்றாமலே மாற்றியவர் ஒருவர் உண்டு. மன்னார்குடிக்குத் தெற்கே களப்பாலில் பிறந்த குப்பு. பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டி, சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக நிறுத்திய தலைவர்களில் முதல் வரிசையில் இருந்தவர். 1948இல் திருச்சிச் சிறையில் இறந்தார். குப்பன் என்று இகழ்ந்த அதே சொல்லுக்கு முன்னால் ஊரின் பெயர் வந்து சேர்ந்து, களப்பால் குப்பு என்றாயிற்று. கீழத் தஞ்சையின் கூலி விவசாயிகள் அந்தப் பெயரைச் சொன்னபோது மிராசுதார்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆகவே பெயரை மாற்றலாமா என்று கேட்கும் பேரனுக்கு நான் ஒரே பதில் சொல்லமாட்டேன். தாய் சாவிடமிருந்து ஒளித்த பெயரா, நாகூருக்கு நேர்ந்த பெயரா, பண்ணையில் சுமத்திய பெயரா என்று முதலில் விசாரிக்க வேண்டும். சுமத்திய பெயரைக் கழற்றி எறிய அவனுக்கு முழு உரிமை உண்டு. அதற்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. 1994இல் வந்த அமைதிப்படையில் அமாவாசை என்ற தேங்காய் பொறுக்கி அதிகாரம் கைக்கு வந்ததும் நாகராஜசோழன் ஆனதைப் பார்த்துத் தமிழ்நாடே சிரித்தது. ஆனால் அந்தப் படத்துக்குப் பிறகு அமாவாசை என்ற பெயரோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருத்தணிப் பக்கம் நாராயணபுரத்தில் பெண் குழந்தைக்கு வேண்டாம் என்று பெயர் வைக்கிறார்கள், அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று. அங்கே காக்க வைத்த பெயர் எதுவும் இல்லை. அந்தப் பெண்களும் மாற்றிக்கொள்ளட்டும்.

காக்க வைத்த பெயர் என்றால், விசாரிக்க ஆள் இருக்கும்போதே விசாரிக்க வேண்டும். காரணம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பிறப்புப் பதிவில் பெரும்பாலும் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்றுதான் இருக்கும். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர்கள் நல்ல மனதோடுதான் குப்பையைக் குப்புசாமி ஆக்கினார்கள், பிச்சையைப் பிச்சைமுத்து ஆக்கினார்கள், பிறந்த தேதியையும் ஜூன் மாதத்தில் வைத்தார்கள். முன்னே எத்தனை பிள்ளை போயிற்று, யார் வீட்டுத் தவிடு, எந்தக் கந்தூரிக்கு நேர்ந்தது என்பதெல்லாம் எண்பது வயதைத் தாண்டிய சில அத்தைகளுக்கும் பாட்டிகளுக்கும் மட்டும் தெரியும். நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பைச் சுற்றிய கிராமங்களில் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்டபின்பும் மாற்றத்தான் வேண்டும் என்றால் வழி எளிது. சென்னையில் எழுதுபொருள் அச்சுத் துறைக்கு விண்ணப்பித்தால் அரசிதழில் வெளியிடுவார்கள். இன்னார் மகன் இன்ன பெயர் கொண்டவர், பிறந்த தேதி இது, இனி இப்படி அழைக்கப்படுவார் என்று ஒரு சிறு பத்தி. பழைய பெயரைச் சொல்லாமல் புதுப் பெயரை அரசிதழில் அச்சிட முடியாது.